அந்த ஒரு ‘உம்’

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

நலமா? போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். புது வீட்டு விலாசமும் தெரியாது. அதனால் நீ பிழை திருத்தும் அச்சகத்துக்கே எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

விவாகரத்து கிடைத்த அன்று நீதிமன்றப் படிக்கட்டில் வைத்து உன்னிடம் உண்மையைச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன். நீ குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது நான் ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். நிறையத் தெளிவு வந்திருக்கிறது. நீச்சல் பயிற்சி கொடுக்கும் ஒருவரோடு ஒன்றரை வருடமாகச் சேர்ந்து இருக்கிறேன். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். முதல் வாரம் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள், இப்போது சாதாரணமாகிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில்தான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாத இதழில் என் கதையை எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். ‘என் கண்ணாடியை நானே துடைத்தபோது’ என்று தலைப்பு. மனைவியைப் பற்றி வருவதால் உன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார் ஆசிரியர். இரண்டு வரி போதும். உன் பெயரைப் போடவில்லை. உன்னை உயர்வாகத்தான் எழுதியிருக்கிறேன். பிரதி இதனோடு இருக்கிறது. ஏப்ரல் பதினெட்டுக்குள் கிடைத்தால் நல்லது.

உன் நலம் நாடும்
நான்

*

மார்ச் 11

கண்ணாடிக்காரருக்கு,

பிரதி கிடைத்தது. என்னிடம் வந்த எந்தப் பிரதியும் திருத்தாமல் திரும்பிப் போனதில்லை. பத்தொன்பது வருட வேலைப் பழக்கம். எட்டுப் பக்கத்தில் முப்பத்தொரு பிழை. சிவப்பில் குறித்திருக்கிறேன்.

ஒற்றுப்பிழைகளை விடு, அவை எல்லோருக்கும் வரும். ‘உண்மை நீண்ட காலம் மறைக்கப்பட்டுவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். யாரால்? உண்மை தானே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டதா? ‘தவறுகள் நிகழ்ந்தன’ என்கிறாய். மழை பெய்தது, இடி இடித்தது, தவறு நிகழ்ந்தது. எட்டுப் பக்கத்திலும் நீ செய்ததாக ஒரு வினைச்சொல் இல்லை. அழுதேன், தவித்தேன், துடித்தேன், மலர்ந்தேன், இவ்வளவுதான். செய்தேன் என்று ஒன்றையாவது காட்டு பார்ப்போம்.

ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. ‘எங்களிடையே உடல் நெருக்கம் நாளடைவில் தானாகவே குறைந்துபோனது. எனக்கு இயலவில்லை. அவளுக்கும் அதில் பெரிய நாட்டம் இருக்கவில்லை.’

அவளுக்கும்.

இந்த ‘உம்’முக்கு இலக்கணத்தில் எச்ச உம்மை என்று பெயர். ஒருவரைச் சொல்லும்போதே இன்னொருவரும் அப்படித்தான் என்று சேர்த்து இழுத்துவிடும். இரண்டே எழுத்துதான். அதை வைத்து என்னை உன் பக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய், அதுவும் உயர்வாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். கல்யாணமாகி நாலாவது வருடம், குழந்தை இல்லையே என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து நம்மை ஒரு டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள். எல்லாம் விசாரித்துவிட்டு அவர் கேட்டார்: “ரெண்டு பேர்ல யாருக்கு இதுல விருப்பம் கம்மி?” நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாய். ஏதோ மருந்துக் கம்பெனி காலண்டர், அதில் ஒரு படகு. அந்தப் படகில் ஏறிப் போய்விடுகிறவன் மாதிரி பார்த்தாய். டாக்டர் என் பக்கம் திரும்பினார். யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே என்று, “எனக்குத்தான் போல டாக்டர்” என்றேன். நீ காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அட்டையில் ‘மனைவி: விருப்பக் குறைபாடு’ என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மாத்திரை. காலையில் எழுந்தால் தலை பஞ்சு மாதிரி இருக்கும். பதினாலு கிலோ ஏறினேன். ஒருமுறை ஒரு புத்தகத்தில் பதினாறு பக்கம் அப்படியே விட்டுவிட்டேன், முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார்.

சம்மதம் கிடையாது. அந்த ‘உம்’மை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் நீ செய்ததை எழுதி அனுப்பு. அப்புறம் பார்க்கலாம்.

*

மார்ச் 19

வாத்தியாரம்மாவுக்கு,

பிழை திருத்தச் சொல்லி அனுப்பவில்லை. சம்மதம் கேட்டு அனுப்பினேன்.

முதலில் ஒன்று. பதினான்கு வருடம் என்னை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டவள் இப்போது கடிதம் முழுக்க நீ, நீ என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போது யாரோ கன்னத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு மட்டமாகவா போய்விட்டேன்?

நீ என் நிலையையும் யோசிக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வயது முப்பத்துமூன்று. எனக்கு என்ன என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. தெரிந்த வார்த்தையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கழிப்பறைச் சுவரில் எழுதுகிற வார்த்தைகள். கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். தினமும் கடையில் ஐம்பது பேரிடம் ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் எனக்கு எதுவும் தெளிவாக இருக்காது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

என்னைப் போன்றவர்களை எல்லோரும் ஏளனம் செய்கிறார்கள். நீ படித்தவள், நீயும் அதையே செய்வாய் என்று எதிர்பார்க்கவில்லை. என் ஆலோசகர் இதற்குப் பெயர் சொன்னார், நீ இன்னும் கோபத்திலேயே தங்கிவிட்டாயாம்.

அந்த வரியை மாற்றியிருக்கிறேன். ‘பெரிய நாட்டம்’ என்பதை ‘அதிக நாட்டம்’ என்று ஆக்கியிருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய? டாக்டரிடம் ‘எனக்குத்தான்’ என்று சொன்னது நீதானே? நான் சொல்லச் சொன்னேனா?

நான்

*

மார்ச் 26

கண்ணாடிக்காரருக்கு,

பெரியதை அதிகமாக்கிவிட்டாய். கை தட்டுகிறேன்.

‘நீ’ போட்டது வலிக்கிறதா? ‘நீங்கள்’ என்பது மரியாதைக்கு. பதினான்கு வருடம் தாராளமாகக் கொடுத்தேன், இப்போது கையிருப்பு இல்லை.

ஏளனத்தைப் பற்றிச் சொன்னாய். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ ஆணை விரும்புகிறாய் என்பதில் எனக்கு ஒரு ஏளனமும் இல்லை. உன் நீச்சல்காரர் நன்றாக இருக்கட்டும். அன்றைக்குப் படிக்கட்டில் அதைச் சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. ‘ஐயோ பாவம், இவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, எப்படித்தான் ஜோடி சேர்த்தார்களோ’ என்று நினைத்துக்கொண்டுதான் குடையை விரித்தேன். புரிகிறதா? உன் ‘உம்’மை நானே நம்பினேன். உனக்கு ஆண்களைப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகும், என் குறை என் குறையாகவே இருந்தது. அட்டையில் எழுதியிருக்கிறதே.

நான் கேவலமாக நினைப்பது உன் கோழைத்தனத்தை. பயந்தவனைக் கேவலமாக நினைக்க மாட்டேன், எனக்கும் ஆயிரம் பயம். தன் பயத்தைப் பொண்டாட்டி வாயில் மாத்திரையாகப் போட்டுத் தண்ணீர் கொடுத்தவனைத்தான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரித்தாலும் சிரி. பிரிந்து வந்து ஒரு வருடம் ஆனபோது, அச்சகத்தில் பைண்டர் தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், மனைவி இறந்து பல வருடம் ஆனவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.  எனக்கு முகம் சுட்டது, காது இரைந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன்.

நர்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். மறுநாளும் அதே மேஜை, அதே கை, அதே நோய். மறுபடி போனேன். மூன்றாவது தடவை அவள் கேட்டாள்: “இது எங்க நிக்கும்போது வருதுங்க?” பைண்டிங் மேஜைக்குப் பக்கத்தில் என்றேன். “அங்க யாரு இருப்பாங்க?” சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, “மேடம், இதுக்கு மாத்திரை கிடையாது. வீட்டுக்குப் போங்க” என்றாள்.

நாற்பத்தோரு வயதில் ஒரு பொம்பளை ஆசையை ரத்தக்கொதிப்பு என்று நினைத்து மூன்று முறை வரிசையில் நின்றிருக்கிறாள். நீ அழுதேன் துடித்தேன் என்று எட்டுப் பக்கம் எழுதுகிறாய்.

அதற்குப் பிறகு அவரே வந்து, “ஞாயித்துக்கிழமை ஒண்ணா சாப்பிடலாமா?” என்று கேட்டார். எனக்கு ஒரு குறை இருக்கிறது, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். “எனக்கும் வலது காது சரியா கேக்காதுங்க” என்றார். போன ஜனவரியில் மறுபடி கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று ஆசைப்படுவது வேறு. கிட்டே போன பிறகு நான் மரக்கட்டையாக உறைந்துவிட்டால்? அந்த மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

அதனால்தான் கேட்கிறேன். முதல் தடவை போய் இரண்டு மாதம் கழித்து நீ மட்டும் அந்த டாக்டரின் அறைக்குள் போனாய். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஆறு நிமிடம். கடிகாரம் எதிரிலேயே இருந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். “அவர் கிட்ட வந்தா நீங்க வெலகிப் போயிடுறீங்களாமே” என்று சொல்லி மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்.

என் ஞாபகத்தில் நான் விலகவில்லை. கையை நீட்டியது நான். திரும்பிப் படுத்தது நீ. ஆனால் பெரிய டாக்டர் சொல்கிறார், பக்கத்தில் புருஷன் தலையை ஆட்டுகிறான், மாத்திரை வேறு. கொஞ்ச நாளில் என் ஞாபகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றுவரை போகவில்லை.

நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அந்த ஆறு நிமிடத்தில் என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது. பூசி மெழுகாமல் எழுது.

*

மார்ச் 31

வாத்தியாரம்மாவுக்கு,

பதிமூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆறு நிமிடம் சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. பைண்டர் விஷயம் கேட்டு சந்தோஷம். தேதி நெருங்குகிறது, சம்மதத்தை அனுப்பிவிடேன்.

நான்

*

ஏப்ரல் 3

சட்டை நிறத்திலிருந்து செருப்பு வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஞாபகம் வந்ததும் எழுது. அதுவரை சம்மதம் வராது.

*

ஏப்ரல் 9

வாத்தியாரம்மாவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. எப்போதும் இருந்தது.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். என்னோடு இருக்கிற நீச்சல்காரர் எடுத்துப் படித்துவிட்டார். திரும்பி வந்ததும், “அந்த ரூமுக்குள்ள போய் என்ன சொன்ன?” என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன். “எங்கிட்டயும் இதே மூஞ்சியாலதான் பொய் சொல்லுவியா?” என்றார். 

சொல்கிறேன். தினமும் அவளிடம் போகிறேன் டாக்டர், தொட்டாலே ஒதுங்கிக்கொள்கிறாள், அருவருப்பாக இருக்கிறது என்கிறாள் என்று நான் சொன்னேன். ஒரு வார்த்தையும் உண்மை இல்லை. நீ ஒதுங்கியதில்லை. நீதான் கையை நீட்டினாய். நான்தான் திரும்பிப் படுத்தேன். உன் ஞாபகம் சரி.

அவர் என் தோளைத் தட்டி, “உங்க மாதிரி பொறுமையான புருஷன் கெடைக்கிறது கஷ்டம்” என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? முதல் தடவையாக ஒருவர் என்னைச் சாதாரண ஆண்பிள்ளை என்று நம்பிவிட்டார். வெளியே வந்து உன்னை அழைத்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீ இரண்டாவது கேட்டாய், அதையும் வாங்கினேன். அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

மாத்திரை தீர்ந்துபோகாமல் மாதாமாதம் வாங்கி வந்ததும் நான்தான். நீ நிறுத்திவிட்டால் டாக்டர் மறுபடி என்னைக் கேள்வி கேட்பாரே என்று பயம்.

எழுதிவிட்டேன். ஆனால் ஒரு வேண்டுகோள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும். இதை அச்சில் போட்டால், ‘பார், இவனுகளே இப்படித்தான், பெண்களை ஏமாற்றுகிறவனுகள்’ என்று எங்கள் ஆட்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டுவார்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவர்களுக்காகக் கேட்கிறேன்.

நான்

*

ஏப்ரல் 16

கண்ணாடிக்காரருக்கு,

கடிதம் வந்தது. இந்த முறை திருத்த எதுவும் இல்லை. சொன்னேன், திரும்பிப் படுத்தேன், வாங்கி வந்தேன். வினைச்சொற்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைசிப் பத்தி மட்டும் பழைய ஆள்.

உங்கள் ஆட்களைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்காதே. அவர்களில் எத்தனையோ பேர் அடி வாங்கி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, அப்போதும் ஒரு பெண்ணின் கழுத்தில் தங்கள் பொய்யைக் கட்டாமல் இருந்திருப்பார்கள். நீ ஆணை விரும்பியதால் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்பதால் சொன்னாய். பெண்ணை விரும்புகிற ஆண்பிள்ளைகளும் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த விஷயத்தில் டாக்டர் சொன்னது சரி, நீ சாதாரண ஆண்பிள்ளைதான்.

சம்மதக் கடிதம் இதனோடு இருக்கிறது. ஆறு நிமிடத்தைப் பற்றி நீ எனக்கு எழுதியதை ஐந்தாம் பக்கத்தில் அப்படியே போட்டால்தான் அது செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆசிரியருக்கும் ஒரு நகல் போய்விட்டது. போட மனசில்லை என்றால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். உன் வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், அவரிடம் சொல்லிக்கொள். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பைண்டரிடம் கொடுத்தேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கேட்டிருந்தேன்” என்றார். போனேன். அதற்குப் பிறகும் போனேன். நான் மரக்கட்டை இல்லை. இதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது வேறொன்று ஞாபகம் வந்து, அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரை போட ஆரம்பித்த பிறகு, படுக்கப் போகுமுன் உன்னிடம் ஒன்று சொல்வேன். தினமும் சொன்னேன், ஒன்பது வருடமும் சொன்னேன். “என்னால உங்களுக்கு ஒரு சந்தோஷமும் இல்ல, மன்னிச்சிடுங்க.” நீ விளக்கை அணைத்துவிட்டு, “பரவாயில்ல, தூங்கு” என்பாய். ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, நீ பதில் சொல்லத் தயங்கியதில்லை. நான் அந்தப் ‘பரவாயில்ல’வைக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தேனே என்று அழுதுவிட்டுத் தூங்குவேன்.

ஒன்பது வருடம் நீ என்னை மன்னித்திருக்கிறாய். நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.